குழந்தை உடையும் மூன்று காரணங்களும்

கடையில் விற்கும் காகிதப் பேட்டர்னை வைத்துக் குழந்தைக்குக் கவுன் தைக்கும்போது, அந்தக் கவுனின் உருவம் எங்கிருந்து வருகிறது? துணியிலிருந்தா, காகிதத்திலிருந்தா, தைப்பவரின் அறிவிலிருந்தா, அதை அணியப்போகும் குழந்தையின் உடலிலிருந்தா? இந்தியத் தத்துவ மரபில் இது காரண காரிய ஆராய்ச்சியின் கீழ் வரும். அந்த ஆராய்ச்சிக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட எடுத்துக்காட்டுகளில் முக்கியமானவை இரண்டு: மண்ணும் குடமும், நூலும் ஆடையும்.

அளவுவாரியான காகிதப் பேட்டர்ன்களை 1863-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக்கும் அவர் மனைவி எல்லனும் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். முதலில் வந்தவை ஆண்களுக்கும் சிறுவர்களுக்குமான உடைகள். மக்கால், சிம்ப்ளிசிட்டி, ஜெர்மனியின் புர்டா ஆகிய நிறுவனங்கள் பின்னால் வந்தன. உறைக்குள் மெல்லிய தாளில் முன்பக்கம், முதுகு, கை, பாவாடைப் பகுதி ஆகியவை இருக்கும். நூலோட்டத்துக்கு அம்புக்குறியும், மடிப்புக்கு ஒரு கோடும், துண்டுகள் சேரும் இடங்களில் சிறு வெட்டுக்குறிகளும் உண்டு. அமெரிக்கப் பேட்டர்ன்களில் தையலுக்கான 5/8 அங்குலம் பெரும்பாலும் சேர்ந்தே வரும். புர்டா இதழின் தாள்களில் அதைத் தைப்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுத் தையல் வகுப்புகளில் வேறு முறை. ஜப்லா, ஏ-லைன் ஃபிராக், யோக் ஃபிராக் போன்றவற்றை மாணவியே பிரவுன் பேப்பரில் வரைந்து பழகுகிறார். எல்லாவற்றுக்கும் அடிப்படை மார்பளவு. அது 22 அங்குலமானால் நாலில் ஒரு பங்கான ஐந்தரை அங்குலத்தோடு தளர்வு சேர்த்து மார்பகலம் குறிக்கப்படும். கழுத்தகலத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு கணக்கு. உறையில் வருவது அட்டவணை, வகுப்பில் கற்பது சூத்திரம். பல குழந்தைகளுக்குப் பொதுவான ஒன்றை ஒரு குழந்தைக்குப் பொருத்துவது இரண்டிலும் உள்ள வேலை.

இனித் தத்துவப் பள்ளிகளின் விடைகளைப் பார்க்கலாம். நியாய வைசேடிகர் கொள்கை அசற்காரியவாதம். காரியம் காரணத்துக்குள் முன்பே இருப்பதில்லை. நூல்கள் கூடும்போது ஆடை என்ற புதுப்பொருள் தோன்றுகிறது. நூல்களை மட்டுமின்றி அவற்றின் சேர்க்கையையும் அவர்கள் தனிக் காரணமாக எண்ணினர். உறுப்புகளுக்கு அப்பால் முழுமை என்று ஒன்று கிடையாது என்பது பௌத்தர் மறுப்பு. சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் சற்காரியவாதிகள். இல்லாதது தோன்றாது, காரணத்தில் அடங்கியிருப்பதே வெளிப்படும் என்பது அவர்கள் துணிபு.

கை வைத்துத் தைக்கும் கட்டத்தில் இந்த வாதங்களைச் சோதித்துப் பார்க்கலாம். கைத்துண்டின் முன்புற வளைவு சற்று ஆழமாகவும் பின்புற வளைவு ஆழம் குறைந்தும் இருக்கும். பேட்டர்னில் முன்புறத்துக்கு ஒற்றை வெட்டுக்குறி, பின்புறத்துக்கு இரட்டை. இடக்கையும் வலக்கையும் மாறிப்போனால் துண்டு ஒன்றும் குறையாது; ஆனாலும் கவுன் தோளில் இழுத்துப் பிடிக்கும். துண்டுகள் மட்டும் போதா, அவை சேரும் முறையும் காரணமே என்ற நியாயவாதியின் பேச்சுக்கு இங்கே வலுக் கூடுகிறது. சற்காரியவாதிக்கும் இடம் இல்லாமல் இல்லை. துணியாகக்கூடிய பொருளிலிருந்துதான் உடை வரும், மணலிலிருந்து வராது. ஆனால் அதே துணி பாவாடை சட்டையாகவும் ஆகியிருக்கலாம். எது வெளிப்பட வேண்டும் என்பதைத் துணி முடிவு செய்வதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாக வகுத்தது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகப் படைப்பில் இவை முறையே மாயை, சத்தி, சிவன். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிறுவிய கொள்கையை அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் விரித்தார். கவுனுக்குத் துணி முதற்காரணம். கத்தரி, இயந்திரம், பேட்டர்ன் ஆகியவை துணைக்காரணம். தைப்பவர் நிமித்த காரணம். இந்தப் பகுப்பின்படி பேட்டர்ன் கருவி. கட்டளையிடும் இடம் அதற்குக் கிடையாது.

குழந்தைக்கு என்ன இடம் என்ற கேள்வி மிஞ்சுகிறது. படைப்பு இறைவனுடைய தேவைக்காக நடப்பதன்று, உயிர்களின் பொருட்டே நடக்கிறது என்பது சித்தாந்தம். உயிர்கள் பல, வினைகளும் வேறு வேறு. ஆகவே முதற்காரணம் ஒன்றாக இருந்தாலும் உயிருக்குக் கிடைக்கும் தனு, கரணம், புவனம், போகம் ஆகியவை அதனதன் வினைக்கு ஏற்றவை. பொது மூலமும் தனிப் பொருத்தமும் இங்கே ஒன்றையொன்று மறுக்கவில்லை. கவுனில் குழந்தைக்கு உள்ள இடமும் இதுவே: உடை தைக்கப்படுவது அதன் பொருட்டே.

பொதுவானதைத் தனியொருவருக்குப் பொருத்தும் இந்தக் கேள்வி ஜவ்வாது மலையில் அன்றாட வாழ்க்கையைத் தொடுகிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிய இம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். ஜமுனாமரத்தூரும் அதைச் சுற்றிய ஊர்களும் அவர்களுடையவை. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இங்கு உண்டு. தமிழக அரசின் விலையில்லாச் சீருடைகளைச் சமூகநலத் துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. சீருடையின் நோக்கம் சமத்துவம். எல்லாரும் ஒன்றுபோலத் தெரிய வேண்டுமானால் ஒவ்வொருவர் அளவும் தனித்தனியாக எடுக்கப்பட வேண்டும். ஒரே அளவை எல்லாருக்கும் கொடுத்தால் ஒருத்திக்குத் தோள் நழுவும், இன்னொருத்திக்கு அக்குள் பிடிக்கும்.

அமெரிக்கப் பேட்டர்ன்களின் குழந்தை எண்களும் இதையே காட்டுகின்றன. மார்பு 22 அங்குலத்துக்கு 3-ஆம் எண், 24-க்கு 5-ஆம் எண். மெலிந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு வயதைப் பார்த்து 5-ஆம் எண்ணை எடுத்தால் உடை தொளதொளவென்று நிற்கும். மார்பளவைப் பார்த்து 3-ஐ எடுத்து, உயரத்தைக் கூட்டுவதற்கென்று தாளில் போட்டிருக்கும் கோட்டில் நீட்டிக்கொள்வதே சரியான முறை. உடலும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அதனால்தான் பாவாடையில் டக் பிடித்துத் தைத்து, பிள்ளை வளர வளரப் பிரித்துவிடும் வழக்கம் வந்தது.

பேட்டர்னை ஒதுக்கிவிட்டுத் தொடங்குபவருக்கு எந்தத் துண்டு எதோடு சேரும் என்பதே பிடிபடாது. அதையே சட்டமாகக் கொள்பவர் காகிதத்துக்குத்தான் உடை தைக்கிறார். துணைக்காரணத்தைத் துணையாக வைத்துக்கொண்டு, வெட்டும் முன் குழந்தையை நிறுத்தி அளவெடுப்பதே தொழிலுக்கும் தத்துவத்துக்கும் பொருந்திய வழி.