தெரியவில்லை என்றே சொல்லுங்கள்

சென்னை மந்தைவெளிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பூனையை இரண்டு நாளாகக் காணோம். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெண், பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் கேட்கிறாள்: "பாட்டி, மணி எப்ப வரும்?"

"அது அவங்க அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருக்கு, வந்துடும்" என்கிறார் பாட்டி. "அழாதேடா, ஞாயித்துக்கிழமை வேற குட்டி வாங்கித் தரேன்" என்கிறார் அப்பா. எதிர்வீட்டு மாமா சிரித்துக்கொண்டே, "பூனைதானே, இதுக்கா இவ்வளவு அழுகை?" என்கிறார். மூன்றும் பிரியத்தில் சொன்ன பதில்கள்தான். ஆனால் ஒன்றுகூட அந்தக் குழந்தைக்கு உதவாது.

பூனை செத்துப்போனால் அழலாம், புதைக்கலாம், பூப் போடலாம். காணாமல் போனால் இதில் எதையும் செய்ய முடியாது. வருமா வராதா என்ற கேள்வி ஒவ்வொரு சாயங்காலமும் புதிதாகக் கதவைத் தட்டும். வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தவர் பாலின் பாஸ் என்ற அறிஞர். முடிவு தெரியாத இழப்பு தனி வகையான துயரம், துக்கம் அங்கே பாதியிலேயே உறைந்து நின்றுவிடுகிறது என்று அவர் விளக்கினார். மனிதரை இழந்தவர்களின் துயரத்தோடு பூனையை ஒப்பிடக்கூடாது. ஆனாலும் ஆறு வயது மனது முதன்முதலாகச் சந்திக்கும் முடிவு தெரியாத இழப்பு பெரும்பாலும் இப்படி ஒரு பூனையாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் என்ன பதில் சொல்வது? உண்மையைத்தான். "மணி எங்க இருக்குன்னு எங்களுக்கும் தெரியலம்மா. தேடிக்கிட்டு இருக்கோம். தெரிஞ்சா முதல்ல உன்கிட்டதான் சொல்வோம்." இவ்வளவு போதும். ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டால், ஏன் சொல்லாமல் போனது, எப்போது திரும்பும் என்று குழந்தை கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் பத்துப் பொய் தேவைப்படும்.

ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குச் சாவு என்பது போய்த் திரும்பி வரும் பயணம் மாதிரிதான். அவர்கள் ஒரே கேள்வியை நாளுக்குப் பத்துத் தடவை கேட்பார்கள். பத்துத் தடவையும் ஒரே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. நடந்ததற்கெல்லாம் தானே காரணம் என்று அந்த வயது நினைத்துக்கொள்ளும். "நேத்து வாலைப் பிடிச்சு இழுத்தேனே, அதான் கோச்சுக்கிட்டுப் போயிடுச்சா?" இதை வாய்விட்டுக் கேட்காத பிள்ளைகளே அதிகம். அதனால் நாமே முந்திக்கொண்டு, "உன்னால போகலம்மா" என்று சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. "கதவைத் திறந்து வச்சது யாரு?" என்ற விசாரணை. தாத்தா, அண்ணன், வேலைக்கு வரும் அக்கா என்று யாராவது ஒருவர் தலையில் பழி விழும். பூனை போன துக்கத்தோடு, வீட்டு மனிதர் ஒருவர் மேல் கோபத்தையும் குழந்தை சேர்த்துச் சுமக்கும். அந்த விசாரணையைக் குழந்தை எதிரில் நடத்தாதீர்கள்.

துக்கத்துக்கு நல்ல மருந்து, கைக்கு ஒரு வேலை. தேடும் வேலையில் குழந்தைக்கும் பங்கு கொடுங்கள். காணாமல் போன 1,200-க்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. நேரில் இறங்கித் தேடியவர்களுக்குப் பூனை கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 500 மீட்டர் என்றால் நம் தெருவும், சுற்றியுள்ள இரண்டு மூன்று தெருவும்தான். பயந்த பூனை ஓடுவதைவிட ஒளிந்துகொள்வதே அதிகம். கூப்பிட்டால்கூடக் குரல் கொடுக்காது. மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் அறை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் பின்புறம், நிறுத்திவைத்த கார்களின் அடி, பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டு ஷெட் இவற்றையெல்லாம் தெரு அடங்கிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய பூனைக்கும் இதே வழிதான்.

இருட்டில் தேடுவது பெரியவர்கள் வேலை. குழந்தை பார்க்கக்கூடாத எதையாவது பார்த்துவிடலாம். குழந்தைக்கு வேறு வேலை இருக்கிறது. மணியின் படம் வரையலாம். "காதுல வெள்ளை மச்சம், வால் நுனி வளைஞ்சிருக்கும்" என்று அடையாளம் சொல்லலாம். வாசலில் கருவாட்டுத் தட்டு வைக்கலாம். பகலில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய் வாட்ச்மேனிடமும், இஸ்திரி வண்டிக்காரரிடமும், பூக்கார அம்மாவிடமும் கேட்கலாம். தெருவில் நாலு பேர் நின்று காது கொடுத்துக் கேட்டாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

வாரங்கள் போயும் மணி வரவில்லையா? ஒரு நாள் இரவில் யாருக்கும் தெரியாமல் தட்டைக் கழுவி எடுத்து வைத்துவிடாதீர்கள். "தட்டை எடுத்து வைக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?" என்று குழந்தையிடமே கேளுங்கள். புகைப்படத்தைப் பார்த்து, அது செய்த குறும்பையெல்லாம் சொல்லிச் சிரிக்கவும் செய்யலாம், அழவும் செய்யலாம். இறந்து கிடந்தது தெரியவந்தால், செத்துப் போச்சு என்றே சொல்லுங்கள். தூங்குகிறது என்று சொன்னால் குழந்தை தூங்கப் பயப்படும். வேறு குட்டி வாங்குவதற்கு அவசரம் வேண்டாம். அழுகையை அடக்க வாங்கும் குட்டிக்கும் அது நியாயமில்லை.

எதிர்வீட்டு மாமாவின் "பூனைதானே" பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் இடைவிடாமல் பேசியதன் பலன்தான் 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதன்படி 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவர் அவரே. அந்த வாரியம் பல பத்தாண்டுகள் இயங்கியது சென்னையில்தான். மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை 1959-ல் வீட்டுக்குத் தூக்கி வந்தார் விமானி கேப்டன் சுந்தரம். அவர் குடும்பத்தார் 1964-ல் தொடங்கியதுதான் கிண்டியில் இருக்கும் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் அன்னி பெசன்ட் பெயரில் விலங்கு மருத்துவமனையும் இயங்கிவந்தது. வாயில்லா ஜீவனுக்காகச் சட்டம் கேட்ட ஊர் இது. இங்கே ஒரு குழந்தை பூனைக்காக அழுவதைக் கேலி செய்வது நமக்கு அழகல்ல.

இன்றைக்கு உங்கள் கதவைத் தட்டி ஒரு குழந்தை, "அங்கிள், எங்க பூனையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டால், இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடாதீர்கள். சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, உங்கள் கார் ஷெட்டை ஒரு தடவை திறந்து காட்டுங்கள். பூனை அங்கே இல்லாமல் போகலாம். ஆனால் கேட்ட குழந்தைக்குத் துணையாக ஒரு பெரியவர் நின்றார் என்பது நிச்சயம்.