தானமா, கடனா?

ஆட இயலாத முதியவரின் பெயரை, ஓய்வூதியத்தின் பொருட்டு ஆட்டக் குழுவின் பட்டியலில் வைத்திருப்பது நேர்மையாகுமா? அன்பர்கள் சிந்திக்க வேண்டிய வினா இது.

அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தில் ஈடிணையற்ற பந்தெறி வீரர் சாட்செல் பெய்ஜ். அவர் கறுப்பினத்தவர், ஆதலின் பெருங்குழுக்களின் கதவு அவருக்கு 1948-இல், 42-ஆம் வயதில்தான் திறந்தது. பின்னர் கணக்கெடுத்தபோது, ஓய்வூதியத்திற்குரிய ஐந்தாண்டுச் சேவையில் 158 நாட்கள் குறைந்தன. பதிவேட்டில் நாள் குறைவது எத்தகைய துயரம் என்பதை உழைப்பவர் அறிவர். 1968-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் குழு, 62 வயதான அவரைச் சேர்த்து அக்குறையைத் தீர்க்க முன்வந்தது.

“ஆடாதவரை ஆட்டக்காரர் என்பது பொய்யன்றோ?” எனச் சிலர் வினவலாம். வினவுவது தவறன்று. ஆனால் அந்நாட்களை விழுங்கியது எது? அவருடைய சோம்பலா? அன்று, இருபதாண்டுக் காலம் அவரை வாயிலுக்கு வெளியே நிறுத்திய நிறபேதமே. உழைக்க வந்தவனைத் தடுத்துவிட்டு, ‘நீ உழைத்த நாள் போதாது’ என்பது எவ்வகை நீதி?

எனினும் ஒன்று கூறவேண்டும். பெய்ஜுக்குக் கிட்டியது ஒரு குழுவின் நல்லெண்ணம். அவரைப் போல் ஒதுக்கப்பட்டும் புகழ்பெறாத முதியோர்க்கு அது எட்டவில்லை. அவர்களுள் பலர் மாண்டபின், 1997-இல்தான் எஞ்சியோரிற் சிலருக்கு ஆண்டுத்தொகை வழங்க முடிவாயிற்று. புகழுடையோரை மட்டும் தேடிச் செல்லும் கருணை, நீதியின் பாதியே.

ஆகவே அன்பர்களே, இது தானமன்று, கடன். கடனைத் தீர்ப்பவர் தம்மைக் கொடையாளியென எண்ணற்க, பெறுபவர் தலைகுனியற்க.