ஈரம் மறைந்த குவியல்

மதீனத்துக் கடைத்தெருவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கை விட்டுப் பார்த்த வரலாறு நம் வர்த்தகப் பெருமக்கள் அறியாததன்று. மேலே உலர்ந்த தானியம். உள்ளே விரலில் பட்டது ஈரம். மழையில் நனைந்ததாகச் சொன்ன வணிகரிடம், ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்கலாகாதா என்று கேட்டார்கள். குறையை மறைத்துச் சரக்கு விற்கலாகாது என்பதற்கு உலமாக்கள் இதனை ஆதாரமாகக் காட்டுவர்.

நம் சுங்கை சிப்புட் கடைகளில் அக்குவியல் எது என்று யோசித்தால் வெற்றிலைத் தட்டுத்தான் கண்ணில் படுகிறது. (பினாங்கு என்ற சொல்லே பாக்கைக் குறிப்பது. அவ்வழியே வந்த நம் முன்னோர் பாக்கு விற்றதில் வியப்பில்லை.) சிகரெட்டைப் பற்றித் தர்க்கம் வேண்டாம், 1995-இல் தேசிய ஃபத்வாக் குழு புகைத்தலை ஹராம் என்றே முடிவு செய்துவிட்டது. பாக்கைத்தான் நாம் சாதுவான சரக்கு என்று எண்ணியிருந்தோம். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் வாய்ப்புற்றுக்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004-இல் வெளியிட்டது. 2012-இல் உணவுக்குழாயையும் அதனுடன் சேர்த்தது.

உணவுக்குழாய்ப் புற்று ஓசையின்றி வளர்வது. குழாய் விரிந்து கொடுப்பதால் வெகுநாள் தெரிவதில்லை. முதலில் சோறு அடைக்கும், பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீரும். அதற்குள் நோய் குழாயின் சுவர் வழியாகவே கீழிறங்கி இரைப்பைச் சுவரையும் பற்றியிருக்கக் கூடும். அந்நிலையில் பலருக்கு அறுவைச் சிகிச்சையும் பலன் தருவதில்லை.

‘நாமா வாயில் திணித்தோம்? நாம் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரர் விற்பார்’ என்பார் சிலர். இது பழைய சமாதானம். இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. மென்றவர் அனைவருக்கும் நோய் வருவதில்லை. வந்தவருக்கும் எந்தக் கடைப் பாக்கினால் வந்தது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. அளக்க முடியாத பங்குக்குப் பொறுப்பு உண்டா? பத்துப் பேர் கூட்டு வியாபாரத்தில் பேரேடு தொலைந்துவிட்டால், எவருக்கும் கடனில்லை என்று எந்தக் காஜியாரும் தீர்ப்பளிக்க மாட்டார்.

பாக்கு விற்பதே ஆகுமா, ஆகாதா என்ற மஸ்அலாவை உலமாக்களிடம் விடுகிறோம். சொல்லாமல் விற்பதைப் பற்றி நமக்கு ஐயமில்லை. பல வருஷமாகப் பற்று வைத்து வாங்கும் தோட்டத்து மூதாட்டி, “சோறு நெஞ்சிலேயே நிக்குது பாய்” என்று சொன்னால், ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஈப்போவுக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும். வெற்றிலையை ஏன் விட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடவேண்டும்.

வியாபாரம் குறையுமா என்றால், குறையும். சில கடைகளில் நன்றாகவே குறையும்.