பூனையும் புரோட்டானும்

ஒரு செயல் தீயது என்று சொல்லும்போது அச்செயலைப் பற்றிய ஓர் உண்மை சொல்லப்படுகிறதா, அல்லது சொல்பவரின் மனநிலை மட்டுமே வெளிப்படுகிறதா என்பது அறவியலின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. உண்மையே சொல்லப்படுகிறது, அவ்வகை உண்மைகள் உலகில் இருக்கவும் செய்கின்றன என்னும் கொள்கை அறநெறி மெய்ம்மைவாதம் எனப்படும். அக்கொள்கையின்படி, அடிமை முறை தீயது என்பது அதை எவரும் தீயதாகக் கருதாத காலத்திலும் உண்மையாகவே இருந்தது. மக்களின் ஒப்புதலோ, அரசின் சட்டமோ, பேசுபவரின் விருப்பு வெறுப்போ அதை உண்மையாக்கவில்லை. புறநிலை என்ற சொல் இங்கே குறிப்பது இவ்வளவே. எல்லாச் சூழலிலும் ஒரே விதிதான் செல்லும் என்று மெய்ம்மைவாதி சொல்லியாக வேண்டியதில்லை: பொய் ஓரிடத்தில் குற்றமாகவும், ஓர் உயிரைக் காக்கும் இடத்தில் கடமையாகவும் இருக்கலாம், ஆனால் ஈரிடத்தும் அது அவ்வாறு இருப்பது எவருடைய கருத்தையும் பொறுத்ததன்று. எதிர்ப்பாளர் பலர் இவ்வேறுபாட்டைக் காணாமல், மெய்ம்மைவாதி சொல்லாத ஒன்றை மறுத்துவிட்டு ஓய்ந்துவிடுகின்றனர்.

வலுவான மறுப்புகளுள் இரண்டு 1977ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. ஆஸ்திரேலியாவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய ஜே. எல். மேக்கி, புறநிலை மதிப்புகள் உண்டு என்றால் அவை உலகிலுள்ள வேறெந்தப் பொருளையும் போலல்லாத விசித்திரப் பொருள்களாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். கல்லின் எடையை அறிபவர் அதைத் தூக்கியாக வேண்டிய கட்டாயம் இல்லை. அறவுண்மையோ அறிந்த மாத்திரத்தில் இதைச் செய், இதைச் செய்யாதே என்று கட்டளையிடுவதாகச் சொல்லப்படுகிறது. சமூகங்களுக்கிடையே அறக்கருத்துகள் வேறுபடுவதையும் மேக்கி சான்றாகக் காட்டினார். ஆனால் அது அத்தனை வலுவுடையதன்று. பூமியின் வடிவம் பற்றியும் மக்கள் நெடுங்காலம் வேறுபட்டுத்தான் இருந்தனர்.

மற்றொன்று அமெரிக்க மெய்யியலாளர் கில்பர்ட் ஹார்மன் எழுப்பியது. இரண்டினுள் கூர்மையானதும் அதுவே. தெருமுனையில் திரும்பும் ஒருவர், சில இளைஞர்கள் ஒரு பூனையின் மீது பெட்ரோலை ஊற்றித் தீ வைப்பதைக் காண்கிறார். அது கொடுமை என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யத் தேவையின்றிக் கண்டவுடனேயே உணர்கிறார். ஓர் இயற்பியலாளர், நுண்துகள்களின் தடத்தைக் காட்டும் ஆவி நிறைந்த கலத்தில் மெல்லிய கோடு ஒன்றைக் கண்டு, அங்கே ஒரு புரோட்டான் சென்றது என்கிறார். இரண்டும் கண்ணால் கண்டவை போலவே தோன்றுகின்றன. ஆயினும் இயற்பியலாளர் ஏன் அவ்வாறு கருதினார் என்று கேட்டால், உண்மையிலேயே ஒரு புரோட்டான் சென்றதால் என்பது விடையின் ஒரு பகுதியாக அமைகிறது. தெருவில் நின்றவர் ஏன் அவ்வாறு கருதினார் என்பதற்கு அவருடைய வளர்ப்பு, இரக்கம், எரியும் பூனை ஆகியவையே போதும். அச்செயல் உண்மையிலேயே தீயது என்பதையும் சேர்ப்பதால் விளக்கம் எவ்வகையிலும் கூடுவதில்லை என்கிறார் ஹார்மன்.

இதற்கு 1980களில் நிக்கலஸ் ஸ்டர்ஜன் அளித்த மறுமொழி ஹார்மனின் களத்திலேயே நின்று பேசுகிறது. அறப்பண்புகளைக் கொண்டு விளக்கம் தருவது வரலாற்றாசிரியர்களின் அன்றாட வழக்கம் என்பது அவர் வாதம். அடிமை முறைக்கு எதிரான இயக்கம் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனிலும் பிரான்சிலும் வட அமெரிக்காவிலும் ஏன் ஓங்கியது என்ற கேள்விக்கு, புதிய உலகில், அதாவது அமெரிக்கக் கண்டங்களில், நிலவிய அடிமை முறை முந்தையவற்றைவிட மிகக் கொடியதாக இருந்தது என்பது ஒரு விடை. கொடுமை என்ற அறப்பண்பே இவ்விடையில் காரணமாக நிற்கிறது. ஆனால் இது பாதி வெற்றியே. கொடியது என்ற சொல்லை நீக்கிவிட்டுச் சாட்டையடி, குடும்பங்களைப் பிரித்து விற்றது, கடற்பயணத்தில் நேர்ந்த சாவுகள் ஆகியவற்றை மட்டும் வரிசைப்படுத்தினாலும் விளக்கம் நிற்கும் என்று ஹார்மனின் தரப்பு சொல்ல இடமுண்டு. அச்சாவுகளும் பிரிவுகளும்தான் கொடுமை, அதற்கப்பால் கொடுமை என்று தனியாக ஒன்று இல்லை என மெய்ம்மைவாதி விடையிறுக்கலாம். அப்போது கட்டளையிடும் வலிமை எங்கிருந்து வருகிறது என்ற மேக்கியின் கேள்வி மீண்டும் வாசலில் வந்து நிற்கும்.

அறம் புலன்களுக்கும் அவற்றைச் சார்ந்த விளக்கங்களுக்கும் உட்பட்டாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பையே ஏற்காத மரபு இந்தியாவில் உண்டு. தர்மம் காட்சியால் அறியப்படுவதன்று, வேதவிதியால் மட்டுமே அறியப்படுவது என்பது மீமாம்சையின் நிலை. அம்மரபைச் சேர்ந்த குமாரிலர் அதனை ஒட்டியே, புத்தர் தம் ஞானத்தால் தர்மத்தை நேரே கண்டார் என்ற கருத்தையும் மறுத்தார். இன்றைய மெய்ம்மைவாதிகளுள் பெரும்பாலோருக்கு அப்படிப்பட்ட நூல் எதுவும் கைவசம் இல்லாததால், அவர்கள் வேறு துணையைத் தேட வேண்டியிருக்கிறது.

அத்துணை அறிவின் நெறிகளிடத்தில் கிடைக்கிறது. சான்று இருக்கும் கருத்தை நம்ப வேண்டும், முரண்பட்ட இரண்டை ஒருசேர நம்பக் கூடாது என்பனவும் கட்டளைகளே. அவற்றையும் ஆவிக் கலத்தில் காண முடியாது. கட்டளையிடுவதாலேயே அறவுண்மை விசித்திரமானது என்றால் இவையும் விசித்திரமானவையே. இவற்றையும் கைவிடத் துணிபவர், தம் வாதத்தை ஏற்கப் பிறருக்குக் காரணம் உண்டு என்று சொல்லும் உரிமையையும் இழக்கிறார். டெரன்ஸ் கியூனியோ 2007இல் வெளியிட்ட நூல் இவ்வாதத்தை விரிவாக வளர்த்தது. மேக்கிக்குத் தரப்பட்ட விடைகளுள் வலிமை மிக்கது இதுவே எனலாம்.

எனினும் அறத்தின் நெறிகளும் அறிவின் நெறிகளும் எல்லா வகையிலும் ஒத்தவை அல்ல. ஷாரன் ஸ்ட்ரீட் 2006இல் எழுதிய கட்டுரை, மனிதரின் அறவுணர்வுகளைப் பரிணாமம் உருவாக்கியது உயிர் தழைப்பதற்காகவே அன்றி அறவுண்மையை அறிவதற்காக அன்று எனச் சுட்டுகிறது. புதரில் புலி இருப்பதைச் சரியாகக் கணித்தவர் பிழைத்தார். அங்கே உண்மையும் பிழைப்பும் சேர்ந்து செல்கின்றன. தன் பிள்ளையைப் பேணுவது கடமை என்ற உணர்வோ, உண்மையானாலும் இல்லாவிட்டாலும் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கும். பகா எண்கள் முடிவற்றவை என்ற அறிவும் எவர் உயிரையும் காத்ததில்லை, ஆயினும் மனிதர் அதைச் சிந்தித்தே அறிந்தனர் என்று மெய்ம்மைவாதி கணிதத்தைத் துணைக்கு அழைக்கலாம். ஆனால் கணிதத்தில் நிறுவல் தொடங்கும் இடத்தை இருதரப்பும் ஏற்கின்றன. அறவியலில், காரணமின்றித் துன்பம் விளைவிப்பது தீது என்ற தொடக்கமே ஸ்ட்ரீட்டின் ஐயத்துக்கு உள்ளாகிறது. துன்பத்தின் தீமை, துன்புறுபவருக்கு வேறு சான்று வேண்டாதபடி அந்த அனுபவத்திலேயே தெரிகிறது என்று காட்ட முடிந்தால் மட்டுமே அந்த ஐயத்தைக் கடக்கலாம். அப்போதும் தன் துன்பத்திலிருந்து பூனையின் துன்பத்துக்குச் செல்லும் அடியைத் தனியே நிறுவியாக வேண்டும்.