காணாததைக் கண்டதாக எழுதலாமா?

பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலம் இது. பி.காம்., பி.பி.ஏ. முடித்த பிள்ளைகளும், சி.ஏ. படிக்கிற பிள்ளைகளும் பயிற்சிக்கு இடம் தேடி அலைகிறார்கள். எந்த ஆபீஸில் சேர்ப்பது, மாதம் என்ன கொடுப்பார்கள், பிற்பாடு நல்ல உத்தியோகம் ஆகுமா என்று பெற்றோர் விசாரிக்கிறார்கள். விசாரிப்பது நியாயமே. கல்லூரிக் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்த குடும்பம் வருமானத்தை நினைப்பது பேராசையாகாது. ஆனால் கேட்க வேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு. அந்த ஆபீஸில் நம் பிள்ளை எதற்குப் பழகப் போகிறான்? இவ்வாரம் இதைச் சற்று ஆராய்வோம்.

கணக்குத் தொழில் ஏட்டுப் படிப்பால் மட்டும் வருவதன்று. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதன்முதல் அச்சுநூலில் விளக்கியவர் லூக்கா பச்சோலி என்னும் பிரான்சிஸ்கு சபைத் துறவி. அந்நூல் 1494-ல் வெனிஸ் நகரில் வெளிவந்தது. வியாபாரிகள் தங்கள் கணக்குப் புத்தகங்களைக் கடவுளின் திருநாமத்தால் தொடங்க வேண்டுமென்று அவர் சொல்லிவைத்தார். கணக்கு என்பது ஒரு சாட்சியம். சாட்சி சொல்லுகிறவன் யார் முன்னிலையில் நிற்கிறான் என்பதை மறக்கலாகாது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

நம் நாட்டில் 1949-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் ஆக விரும்புகிறவர் ஓர் ஆடிட்டரிடம் ஒப்பந்தம் எழுதிப் பயிற்சி பெற வேண்டும். மூன்றாண்டாக இருந்த பயிற்சிக் காலம் 2023-ல் வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டாயிற்று. மற்றப் பட்டதாரிகளுக்கு 1961-ம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம் இருக்கிறது. 2014-ல் அதைத் திருத்தியபின், எஞ்ஜினியரிங் படிக்காத பட்டதாரிகளும் அதன் கீழ் பயிற்சி பெறலாம். பயிற்சி பெறுகிறவர் கற்பவரேயன்றித் தொழிலாளி அல்லர் என்று இச்சட்டம் வகுத்திருக்கிறது. நல்லது. கற்பவன் என்பதால் அவன் மனச்சாட்சிக்கும் விடுமுறை உண்டா?

ஓர் உதாரணம் பார்ப்போம். மார்ச் 31-ந் தேதி ஒரு மில்லின் கிடங்கில் சரக்கு எண்ணுவதற்குப் பயிற்சிப் பையனை அனுப்புகிறார்கள். பட்டியலில் 1,200 மூட்டை என்றிருக்கிறது. முன்வரிசைகளை எண்ணிவிட்டான். பின்னால் அடுக்கியிருப்பதைப் பார்க்க வழியில்லை; பொழுதும் சாய்ந்துவிட்டது. கூட வந்த சீனியர், "போன வருஷமும் இதே கணக்குத்தான் தம்பி, டிக் போட்டுவிட்டு வா, காப்பி குடிக்கலாம்" என்கிறார். பையன் என்ன செய்ய வேண்டும்?

டிக் போடலாம் என்பதற்கு மூன்று நியாயங்கள் சொல்லுவார்கள். முதலாவது, கையெழுத்துப் போடுகிறவர் ஆடிட்டர். பையனுக்கு என்ன பொறுப்பு? இரண்டாவது, பெரியவர் சொன்னதைக் கேட்பது கீழ்ப்படிதல் அல்லவா? மூன்றாவது, நாலு மூட்டை கூடினாலும் குறைந்தாலும் யாருக்கு நஷ்டம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் நியாயம் நிற்காது. டிக் என்பது வெறும் கோடன்று. "இதை நான் பார்த்தேன்" என்பது அதன் பொருள். பையனின் டிக்கை நம்பி ஆடிட்டர் கையெழுத்திடுகிறார். ஆடிட்டரின் கையெழுத்தை நம்பி, சரக்கின் பேரில் பாங்கு கடன் கொடுக்கிறது. பாங்கு கொடுக்கும் பணம் யாருடையது? சிறுகச் சிறுகச் சேமித்துப் போட்ட நம்மைப் போன்ற குடும்பங்களுடையது. ஏணியின் கடைசிப் படியில் நிற்கிறவனே தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறான். மூட்டையைக் கண்ணால் காணப் போனவன் அவன் ஒருவனே. அவன் பொய் சொன்னால் மேலே இருப்பவர்களில் யாருக்கும் உண்மை தெரியாது.

இரண்டாவது நியாயத்துக்கு வருவோம். கீழ்ப்படிதல் புண்ணியந்தான். எதை முதலில் எண்ணுவது, எத்தனை மணிக்கு வருவது, எந்தக் காகிதத்தில் எழுதுவது என்றெல்லாம் சீனியர் கட்டளையிடலாம். காணாததைக் கண்டதாகச் சொல் என்று கட்டளையிட எந்த மனிதருக்கும் அதிகாரமில்லை. அர்ச். அல்போன்ஸ் லிகோரியார் குருவாகுமுன் நேப்பிள்ஸ் நகரில் வக்கீலாயிருந்தார். 1723-ல் ஒரு பெரிய வழக்கில், முக்கியமான ஒரு பத்திரத்தைத் தாம் சரியாகக் கவனிக்கவில்லை என்று வெளியானதும், அதை ஒப்புக்கொண்டு வக்கீல் தொழிலையே விட்டு விலகினார். பிற்காலத்தில் அவர் எழுதிய நன்னெறி சாஸ்திரம், ஒருவன் செய்யும் தீங்குக்கு மற்றொருவன் எந்த அளவுக்கு உடந்தையாகிறான் என்பதைப் பிரித்துக் காட்டியது. அந்தப் பிரிவினை இங்கே உதவும். பிறர் எழுதிய பட்டியலைப் பையன் பைலில் கோத்து வைக்கிறான். அதிலுள்ள பொய் அவனுக்குத் தெரியாது. அது அவன் பாவமன்று. ஆனால் தன் கையாலேயே பொய்யை எழுதும்போது, அவன் உதவியாள் அல்ல, செய்கிறவனே அவன்தான்.

மூன்றாவது நியாயத்துக்கு ஐதராபாத்தில் நடந்த சத்யம் கம்பெனி விவகாரமே பதில். அதன் தலைவர் 2009 ஜனவரி 7-ந் தேதி எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் பாங்கு இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். உண்மை லாபத்துக்கும் ஏட்டிலுள்ள லாபத்துக்கும் தொடக்கத்தில் சிறு வித்தியாசமே இருந்ததென்றும், ஆண்டுக்காண்டு அது வளர்ந்து கைக்கு அடங்காமல் போயிற்றென்றும் அதே கடிதத்தில் தெரிவித்திருந்தார். கோடிக்கணக்கில் பொய் எழுதுகிறவர்களும் ஒரு நாள் நாலு மூட்டையில் தொடங்கியவர்களாக இருக்கலாம். இருபது வயதில் கூசும் கை முப்பது வயதில் கூசாது. பயிற்சி ஆண்டின் அபாயம் இதுவே. அதன் பாக்கியமும் இதுவே; மெய் எழுதப் பழகுவதற்கும் அதுதானே காலம்!

இதனால் பையன் எதைக் கண்டாலும் மோசடி என்று கூச்சலிட வேண்டுமென்பதில்லை. அவன் கற்பவன், அநேக காரியங்கள் அவனுக்கு இன்னும் விளங்கா. விளங்காததைக் குற்றமென்று தூற்றுவதும் பொய்ச் சாட்சியமே. ஆபீஸ் இரகசியத்தைத் தெருவில் பேசுவதும் தவறு. அவன் செய்ய வேண்டியது மிகச் சிறியது. "முன்வரிசைகள் எண்ணப்பட்டன, பின்வரிசைகள் எண்ணப்படவில்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும். அதில் குற்றச்சாட்டு இல்லை, அவமரியாதையும் இல்லை. நேர்மையான ஆடிட்டர் அந்த வரிக்காக அவனை மெச்சிக்கொள்வார். அவ்வரியை அழிக்கச் சொல்லுவார்களானால், பணிவோடு மறுத்து ஆடிட்டரிடமே சொல்ல வேண்டும்.

அவர் கோபித்தால்? இது வெறும் பேச்சன்று. ஆர்ட்டிகிள்ஸ் பயிற்சியில் இருப்பவர் நினைத்தபோது வேறு ஆபீஸுக்கு மாற முடியாது. அதற்கு விதிகள் உண்டு. பயிற்சி முடிந்ததற்கு அத்தாட்சி கொடுக்க வேண்டியவரும் அந்த ஆடிட்டரே. ஆகையால் உண்மை சொல்லுகிற பிள்ளைக்கு மெய்யாகவே நஷ்டம் வரக்கூடும். இந்த இடத்தில்தான் பெற்றோரின் பங்கு வருகிறது. "உனக்கேன் வம்பு, கண்டும் காணாமல் இரு, சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு வா" என்று வீட்டில் ஒரு சொல் சொல்லிவிட்டால், பத்து வருஷம் ஞானோபதேசம் படிப்பித்ததை ஒரே இராத்திரியில் அழித்தவர்களாவோம். "ஆறு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை, நாங்கள் இருக்கிறோம்" என்று தகப்பன் சொன்னால் பிள்ளைக்குத் தைரியம் வரும். அந்தப் பாரத்தை அவன் தனியே சுமக்க விடக்கூடாது.

நம் பங்கில் கடையும் ஆபீஸும் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிக்கு வந்த பிள்ளையைப் பாங்குக்கும் தபாலாபீஸுக்கும் அலையவிட்டு, முதலாளி வீட்டு மின்சாரக் கட்டணம் செலுத்த அனுப்பி, ஆண்டு முடிவில் ஒன்றும் தெரியாதவனாகத் திருப்பியனுப்புவது அநீதி. அவனுக்குக் குறைந்த தொகை கொடுப்பதற்குச் சொல்லப்படும் காரணமே, மீதியைக் கல்வியாகக் கொடுக்கிறோம் என்பதுதான். அந்தக் கல்வியைக் கொடாதவர் கூலியைப் பிடித்துக்கொண்டவரே ஆவார். உரிய கூலியை மறுப்பது எவ்வளவு பெரிய பாதகம் என்பதைப் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் எழுதிய நிருபத்தில் தெளிவாகக் காட்டியிருக்கிறார். தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வவுச்சரை எப்படிப் படிப்பது, பாங்கு இருப்பை ஏன் பாங்கிடமே நேராகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அது தர்மமன்று, கடன்.

பிள்ளைகளே, ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் டாலியும் கற்றுக்கொள்ளுங்கள், அவையெல்லாம் வேண்டியவையே. அவற்றோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றன்று கற்ற பாடங்களை ஒரு பக்கத்திலும், விளங்காமல் கேட்க வேண்டியவற்றை மறுபக்கத்திலும் எழுதுங்கள். பெற்றோர்களே, மாலையில் அவர்கள் வீடு திரும்பும்போது, "சம்பளம் எப்போது?" என்று கேட்குமுன், "இன்று என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். பார்த்ததைப் பார்த்தபடி வீட்டில் சொல்லப் பழகிய பிள்ளைக்கு, கிடங்கில் நின்று அந்த ஒரு வரியை எழுதுவது அவ்வளவு கடினமாயிராது.