கணக்கறிந்து ஆடினால் சூது இல்லையா?

மார்க்கம் ஒன்றை ஹராம் என்று விலக்கியிருந்தால் ஒரு முஃமினுக்கு அதுவே போதும். ஆயினும், "ஏன் விலக்கியது?" என்று இளைஞர்கள் கேட்கும்போது நாம் தவறான காரணத்தைச் சொல்லிவிடக் கூடாது. அந்தக் காரணம் உடைகின்ற அன்று, விலக்கலும் உடைந்துவிட்டதாக அவர்கள் எண்ணிவிடுவார்கள். இந்த ஆபத்தை அண்மையில் நானே நேரில் கண்டேன்.

அமெரிக்காவில் பணிபுரியும் எங்கள் தெருப் பிள்ளை ஒருவர் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து பேசிக் கொண்டிருந்தோம். அவருடன் வேலை செய்வோர் நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகாஸ் நகரத்துக்குப் போய் 'பிளாக் ஜாக்' என்னும் சீட்டாட்டம் ஆடுவார்களாம். அதற்குரிய ஆட்டமுறை அட்டவணையை இவரும் மனப்பாடம் செய்திருக்கிறார். காசு மட்டும் இன்னும் வைக்கவில்லை. "சாச்சா, சூது ஏன் ஹராம்?" என்று கேட்டார். "அறிவும் உழைப்பும் இன்றி அதிர்ஷ்டத்தை நம்பிப் பொருள் தேடுவதால்" என்றேன். "அப்படியானால் இது சூதே இல்லையே! இது முழுக்கக் கணக்கல்லவா?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆட்டம் எளியது. சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடுபவரின் தொகையைவிட அதிகமாக இருக்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றும் 10. ஆஸ் 1 அல்லது 11. சீட்டுப் போடுபவருக்கு விருப்பம் கிடையாது; 16 வரை சீட்டு எடுத்தே தீர வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும். ஆடுபவரோ தம் இஷ்டப்படி எடுக்கலாம், நிறுத்தலாம். எப்போது எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய பால்ட்வின், கான்ட்டீ, மைசெல், மெக்டெர்மாட் என்ற நால்வர் மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டு கணக்கிட்டு, 1956-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். இரண்டு ஆஸ் வந்தால் பிரித்து ஆடு. இரண்டு பத்து வந்தால் பிரிக்காதே. கையில் 12 இருந்து எதிரில் 5 தெரிந்தால் நிறுத்து. இப்படிப் போகிறது அந்த அட்டவணை.

ஆனால் அந்தக் கணக்கையே சற்று ஊன்றிப் பாருங்கள். கையில் 16, எதிரில் 10 என்றால் "இன்னொரு சீட்டு எடு" என்கிறது அட்டவணை. ஜெயிக்கவா? இல்லை. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நான்கில் ஏறத்தாழ மூன்று முறை தோல்விதான். எடுத்தால் நஷ்டம் மயிரிழை குறைவு, அவ்வளவே. ஆடுபவர் முதலில் சீட்டு எடுக்க வேண்டும் என்பதே விடுதிக்காரரின் பலம். இவர் 21-ஐத் தாண்டினால் காசு அப்போதே போயிற்று. பிறகு அவரும் தாண்டினால்கூடத் திரும்பி வராது. ஆகவே அட்டவணையை ஓரெழுத்துப் பிசகாமல் பின்பற்றினாலும், வழக்கமான விதிகளில் 100 டாலர் பணயத்துக்குச் சுமார் அரை டாலர் விடுதிக்கே சேரும். மணிக்கு 60 ஆட்டம், ஆட்டத்துக்கு 10 டாலர் என்று வைத்தால் 600 டாலரில் சராசரி 3 டாலர் நஷ்டம். எவ்வளவு நேரம் உட்காருகிறாரோ அவ்வளவுக்கு அது பெருகும்.

இந்த அட்டவணையை அச்சிட்ட சிறு அட்டைகளைச் சூதாட்ட விடுதிகளின் கடைகளிலேயே விற்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஆடவும் பல விடுதிகளில் அனுமதிக்கிறார்கள். தன் பெட்டியைத் திறக்கும் சாவியை எந்த வியாபாரியாவது விற்பானா? அறியாதவன் பயந்து எழுந்துவிடுவான். "எனக்குத் தெரியும்" என்பவன் நிம்மதியாக உட்கார்ந்திருப்பான். அந்த நிம்மதிக்குத்தான் அங்கே விலை.

உண்மையிலேயே ஜெயிக்கும் வழியும் கண்டுபிடிக்கப்பட்டது. கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப், போன சீட்டுகளைக் கவனித்து எண்ணி, மீதிக் கட்டின் தன்மைக்கேற்பப் பணயத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையை 1962-இல் நூலாக வெளியிட்டார். நெவாடாவில் அப்படி எண்ணுபவரை விடுதிகள் வெளியேற்றத் தொடங்கின. நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1982-இல் அவ்வாறு வெளியேற்றக் கூடாதென்று தீர்ப்பளித்தது. அங்கே சீட்டுக்கட்டுகளை அதிகமாக்கியும் அடிக்கடி கலைத்தும் விடுதிகள் தப்பித்துக் கொண்டன. தோற்பவனை வரவேற்று, ஜெயிப்பவனைத் தடுக்கும் தொழில் இது.

சரி, ஒருவர் எண்ணத் தெரிந்தவர், ஜெயித்தும் விட்டார் என்றே வைத்துக் கொள்வோம். அப்போது ஹலாலாகி விடுமா? இங்கேதான் என் பதிலின் பிழை எனக்கு விளங்கிற்று. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91-ஆம் வசனங்களைத் திரும்ப ஓதிப் பார்த்தேன். சூது மனிதர்களிடையே பகையையும் வெறுப்பையும் மூட்டுகிறது, அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கிறது என்பவையே அங்கே சொல்லப்படும் காரணங்கள். அதிர்ஷ்டம் பற்றிய பேச்சே அங்கில்லை. ஆக, அறிவைக் கொண்டு அதிர்ஷ்டத்தை நீக்கினாலும் அந்தக் காரணங்கள் அப்படியே நிற்கின்றன. மேலும் அல்பகராவின் 219-ஆம் வசனம், சூதில் மனிதர்களுக்குச் சில பயன்களும் உண்டு, ஆனால் பாவமே பெரிது என்ற கருத்தைக் கூறுகிறது. அறியாமைக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கிப் பங்கு பிரித்து, ஜெயித்த இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிப் பெருமைப்பட்டார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். ஏழைக்குப் போன இறைச்சியே அந்தச் சூதை ஹலாலாக்கவில்லை என்றால், நம் பைக்குள் போகும் காசா ஆக்கிவிடும்?

"வியாபாரத்திலும் நஷ்ட பயம் உண்டே, அங்கும் கணக்குத்தானே?" என்று அந்தப் பிள்ளை கேட்டார். உண்டு. கப்பல் கவிழலாம், விலை இறங்கலாம். ஆனால் துணி விற்றவருக்குக் காசு, வாங்கியவருக்குத் துணி; இருவரும் மகிழ்ந்து வீடு திரும்பலாம். சூதில் ஒருவர் மகிழ இன்னொருவர் இழந்தே ஆக வேண்டும். "இருவரும் சம்மதித்துத்தானே ஆடுகிறார்கள்?" என்றார். அடுத்தவர் இழப்பார், நான் இழக்கமாட்டேன் என்ற நம்பிக்கையில் கொடுத்த சம்மதம் அது. தோற்றவரின் மனம் அதில் இல்லை.

"நான் காசு வைக்கவில்லையே, படிப்பது மட்டும் தவறா?" என்பது அவருடைய கடைசிக் கேள்வி. கணக்குப் படிப்பது தவறல்ல. நிகழ்தகவுக் கணிதமே 1654-இல் பாஸ்கல், பெர்மா என்ற இருவரும் பணய ஆட்டக் கணக்கொன்றைப் பற்றிக் கடிதம் எழுதிக் கொண்டதிலிருந்து வளர்ந்ததுதான். இன்று மருத்துவ ஆராய்ச்சிக்கும் அது உதவுகிறது. ஆனால் செயல்கள் நிய்யத்தைக் கொண்டே. "வா, சூதாடுவோம்" என்று வாயால் சொன்னவரைக்கூடத் தர்மம் கொடுக்கச் சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். வாயின் அழைப்புக்கே பரிகாரம் உண்டென்றால், மேசையில் அமர்வதற்காகவே செய்யும் மனப்பாடத்தை என்னவென்பது? நான் ஃபத்வா கொடுக்கத் தகுதியுடையவன் அல்லன். அதை ஆலிம்களிடம் கேளுங்கள் என்றேன். ஆனால் எதற்காகப் படித்தோம் என்பது படித்தவருக்குத் தெரியும், படைத்தவனுக்கும் தெரியும்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் இதைத் தொழுகை நேரத்தில்கூட மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், சாச்சா" என்றார். 91-ஆம் வசனத்துக்கு நான் தேடிய விளக்கத்தை அவரே தந்துவிட்டார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவைப் பயனுள்ள வழியில் செலுத்தி, ஹலாலான ரிஜ்க்கைக் கொண்டு அவர்களைப் போதுமாக்குவானாக! ஆமீன்.