வென்றவன் இழந்தது

முற்காலத்தில் பெண்ணின் மனத்தைக் கவர வசிய மை தேடி அலைந்தோர் உண்டு. இன்று மைக்குப் பதிலாகச் சொல் வந்துள்ளது. முதலில் சற்று மட்டம் தட்டிப் பேசு, பின் புகழ், அவள் தயங்கினால் விலகுவதுபோல் நடி என்று, பெண்ணை வசப்படுத்தும் வழிகளைப் பாடமாகவே போதிப்போர் உளர். அமெரிக்கரான நீல் ஸ்ட்ராஸ் 2005-இல் எழுதிய நூல் இப்போதனையை உலகெங்கும் பரப்பியது. அந்நூலின் பெயர் ‘ஆட்டம்’ என்று பொருள்படும். அவரே 2015-இல் வெளியிட்ட மற்றொரு நூலில், தம் காதலிக்குத் துரோகம் இழைத்துச் சிகிச்சை இல்லத்தை நாட நேர்ந்ததை எழுதினார்.

இவ்வாட்டத்தின் உள்ளியல்பைத் திருவிவிலியம் முன்னரே காட்டியுள்ளது. சாமுவேலின் இரண்டாம் நூல் பதின்மூன்றாம் அதிகாரத்தில், தாமார்மீது வேட்கை கொண்ட அம்னோனுக்கு யோனதாபு என்னும் தந்திரசாலி வழி சொல்லித் தருகிறான். நோயாளியாக நடித்து அவளை வரவழைத்த அம்னோன், அவளை வன்முறையால் சிதைக்கிறான். அடுத்த கணமே, முன்பு கொண்ட விருப்பத்தினும் மிகுதியான வெறுப்பு அவனுள் எழுகிறது. வென்றவன் ஏன் வெறுக்க வேண்டும்? தான் யார் என்பதற்கு அவளே சாட்சியாக நின்றாள் என்பதனால் அன்றோ!

வன்முறைக்குச் செல்லாத ஆட்டக்காரனும் இச்சிறையிலேயே அடைபடுகிறான். அவள் விரும்பியது அவனை அன்று; அவன் மனப்பாடம் செய்த சொற்களை. ஆகவே ஒவ்வொரு வெற்றியும், ‘உள்ளபடியே நான் இருந்தால் யார் என்னை நேசிப்பார்?’ என்னும் பழைய அச்சத்தையே உறுதிசெய்கிறது. முகமூடி அன்பைப் பெறுகிறது. முகமோ பட்டினி கிடக்கிறது. ஏமாற்றப்பட்ட பெண்ணோ, பின்னர் உண்மையாய் நேசிப்பவனையும் ஐயுறுகிறாள். தன் மதிப்பீட்டையே நம்ப இயலாத நிலைக்கு ஆளாகிறாள்.

2019-இல் வெளிப்பட்ட பொள்ளாச்சிக் கொடுமையை நாம் மறக்கவில்லை. நட்பாகப் பழகிப் பெண்களைச் சிக்கவைத்து, வன்கொடுமை செய்து, படம்பிடித்து மிரட்டிய ஒன்பது பேருக்கு, 2025 மே மாதத்தில் கோவை மகளிர் நீதிமன்றம் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது. ஆட்டம் ஆடுவோர் அனைவரும் அத்தகைய குற்றவாளிகள் அல்லர். ஆயினும் மனிதரைப் பொருளாகக் காணும் பார்வையே இரண்டிற்கும் வித்து.

அவ்வித்து எங்கே விதைக்கப்பட்டது? தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் நம் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. பெண் சிசுவைச் சுமையெனக் கணக்கிட்ட மண்ணில், மகன் பெண்களை எண்ணிக்கையாகக் கணக்கிடுவது வியப்பன்று. நாமக்கல், இராசிபுரம் பகுதிகளின் விடுதிப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்காக நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆணும் பெண்ணும் பேசினாலே தவறென்று அஞ்சுகிறோம். பேசத் தெரியாமல் கூசி நிற்கும் இளைஞனுக்கு யோனதாபு கைப்பேசியில் காத்திருக்கிறான். நாம் மௌனம் காத்த இடத்தில் அவன் பேசுகிறான்.

அன்பிற்கு எதிர்ச்சொல் வெறுப்பு மட்டுமன்று, பயன்படுத்துதலும் ஆகும் என்பதே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தாம் ஆயராக இருந்தபோது 1960-இல் வெளியிட்ட ‘அன்பும் பொறுப்பும்’ என்னும் நூலின் மையக் கருத்து. மறுக்கும் உரிமை பிறருக்கு உண்டு என ஏற்பவனே அன்பு செய்யத் தகுந்தவன். ‘வேண்டாம்’ என்னும் சொல்லைக் கேட்டுத் தலைகுனியாமல் திரும்பிவரும் துணிவை, நம் இல்லங்களில் தந்தையர் மகன்களுக்குக் கற்பிப்பார்களா? அதற்கு முன், தம் மனைவியர் ‘வேண்டாம்’ என்னும்போது அதனைச் செவிமடுப்பார்களா? மகன் பயிலும் முதற்பாடம் அதுவே.